சவர்க்காரமும் பிட்கொயினும்

கைப்பொருள் பெருக வேண்டுமென விரும்பாதார் யார்? ஆயினும், விலை ஏறுதல் வேறு. வருவாய் தருதல் வேறு. அமெரிக்காவிலுள்ள இருவகை முதலீடுகளை ஒப்புநோக்கின் இது விளங்கும்.

1837இல் சின்சினாட்டி நகரில் மெழுகுதிரி செய்வார் ஒருவரும் சவர்க்காரம் காய்ச்சுவார் ஒருவரும் கூடித் தொடங்கியது புறொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி. 1890 முதல் அது ஆண்டு தவறாது பங்கிலாபம் வழங்கி வருகின்றது. சந்தை சரிந்தாலும் மக்கள் துணி துவைக்கத் தவறுவதில்லை. அவர்கள் வாங்கும் சலவைத்தூளே பங்காளருக்குப் படியளக்கின்றது.

பிட்கொயினையே இருப்பாகக் கொண்டு பங்குச்சந்தையில் விற்பனையாகும் நிதியங்களுக்கு 2024 ஜனவரியில் அங்கு அனுமதி கிடைத்தது. கணினியில் உலவும் அந்நாணயம் குட்டி போடுவதில்லை. நிதியத்தின் கட்டணமும் அதிலிருந்தே கழிகின்றது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலர் விலைபோன நாணயம், மறு நவம்பரில் 16,000க்கும் கீழே வீழ்ந்தது. 2024 டிசம்பரில் ஓரிலட்சத்தைக் கடந்தது.

ஏற்றத்திற் பெரும் இலாபம் உண்டு. ஆனால் அதனைக் கையிற் காண விற்றே ஆகவேண்டும். பணம் தேவைப்படும் நாள் வீழ்ச்சி நாளாயின் என் செய்வது? பங்கின் விலையும் இறங்குவதுண்டு, பங்கிலாபமும் குறையக்கூடும். எனினும் அது பங்கை விற்காமலே காலாண்டுதோறும் வருவது.

முதுமைக்கெனச் சேர்த்த பணத்தை இடுமுன், “எவ்வளவு ஏறும்?” என்பதிலும், “விற்காமல் உண்ணலாமா?” என்று கேட்டலே நன்று.