தராசு வடிவில் ஒரு நீதிமன்றம்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் உரிமை குறித்து எழும் வழக்கு வஞ்சியூர் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டில் எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, அங்கும் தீராவிட்டால் டெல்லி திலக் மார்க்கில் உள்ள உச்ச நீதிமன்றத்தின் படிகளை ஏறுகிறது. இந்தியாவின் நீதிமுறை முழுவதற்கும் முடிவிடமாக அமைந்த அந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே அந்த அமைப்புக்கு நெடிய முன்வரலாறு இருந்தது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி, மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்ப்பதற்காக 1937 அக்டோபர் 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் தோன்றியது. தனக்கென இடமில்லாத அது, நாடாளுமன்றக் கட்டடத்தில் சுதேச மன்னர்கள் கூடுவதற்கென அமைக்கப்பட்டிருந்த மண்டபத்தில் அமர்ந்தது. ஆனால் சமஸ்தானங்களைச் சேர்த்துக்கொண்ட கூட்டாட்சி நடைமுறைக்கு வராமலே போனதால், 1887 முதல் தனக்கென உயர் நீதிமன்றம் வைத்திருந்த திருவிதாங்கூர் அதன் அதிகாரத்துக்கு வெளியிலேயே இருந்தது. 1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். அடுத்த எட்டு ஆண்டுகளும் அங்கேயே வழக்குகள் கேட்கப்பட்டன.

புதிய கட்டடத்துக்கு 1954இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்ட, 1958இல் நீதிமன்றம் இடம்பெயர்ந்தது. மத்தியப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான கணேஷ் பிகாஜி தேவலாலிகர் இதை வடிவமைத்தார். அவர் எடுத்துக்கொண்ட உருவம் தராசு. தலைமை நீதிபதியின் கூடமும் அதன் இரு மருங்கிலும் இரண்டிரண்டு கூடங்களும் அமைந்த நடுப்பகுதி தராசுக்கோலாகிறது. வழக்கறிஞர் அறை, நூலகம், அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவை வலப்பகுதியிலும், நீதிமன்ற அலுவலகங்கள் இடப்பகுதியிலும் இடம்பெற்றன. எனினும் வரைபடத்தில் மட்டுமே தெளிவாகத் தெரியும் இந்த உருவம் வழக்காடிகளின் கண்ணுக்கு எட்டுவதில்லை; அவர்கள் எதிரே காண்பது 27.6 மீட்டர் உயரக் குவிமாடமும், தூண்கள் வரிசையிட்ட அகன்ற தாழ்வாரமுமே. சமநிலையைக் காட்டிலும் அதிகாரத்தின் உயரமே முதலில் மனத்தில் பதிகிறது என்பது இவ்வடிவமைப்பின் குறையென்றே கூற வேண்டும்.

தொடக்கத்தில் நீதிபதிகள் அனைவரும் ஒன்றாக அமர்ந்தே வழக்குகளைக் கேட்டனர். வழக்குகள் பெருகவே, இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுகளாகப் பிரிந்து விசாரிக்கும் முறை வந்தது. ஒவ்வோர் அமர்வுக்கும் தனிக்கூடம் தேவைப்பட்டதால் 1979இல் கிழக்கிலும் மேற்கிலும் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 2019இல் 34 ஆனது. அதே ஆண்டில் பிரகதி மைதானத்துக்கு எதிரே திறக்கப்பட்ட கூடுதல் வளாகம் சுரங்கப்பாதைகளால் பழைய கட்டடத்துடன் இணைக்கப்பட்டது.

இவையெல்லாம் இடநெருக்கடியைத் தீர்த்தனவேயன்றித் தொலைவைக் குறைக்கவில்லை. டெல்லியைத் தவிர வேறிடங்களிலும் உச்ச நீதிமன்றம் அமரலாம் என்று அரசியலமைப்பின் 130ஆம் பிரிவு இடமளிக்கிறது. மேல்முறையீடுகளுக்காகத் தெற்கே சென்னையிலோ ஐதராபாத்திலோ ஓர் அமர்வு வேண்டும் என 2009இல் சட்ட ஆணையம் தனது 229ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்றளவும் செயல்வடிவம் பெறவில்லை.

(தொடரும்)