சம்பள உயர்வு தர முடியாது; ஆசிரியர்களை ஒரு தலைமை ஆசிரியர் எப்படி ஊக்கப்படுத்துவார்?

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரால் ஓர் ஆசிரியரின் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட உயர்த்த முடியாது. பதவி உயர்வுக்குப் பணிமூப்புப் பட்டியல் இருக்கிறது, இடமாறுதலுக்குக் கலந்தாய்வு இருக்கிறது. கோபம் வந்தால் ஒரு மெமோ கொடுக்கலாம். மெமோ வாங்கியவர் மறுநாள் நேரத்துக்கு வருவார். பாடத்தை நன்றாக நடத்துவாரா என்றால், சந்தேகம்தான்.

அப்புறம் அவர் கையில் என்னதான் இருக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் ஒரு விஷயத்தைச் சொன்னார். சம்பளமும் பணிச்சூழலும் சரியில்லை என்றால் மனக்குறை வரும். ஆனால், அவை சரியாக இருப்பதாலேயே வேலையில் ஈடுபாடு வந்துவிடாது. ஈடுபாட்டைத் தருவது சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு. இந்தக் கோட்பாட்டை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டால், அவர் சொன்னது பெரிதாகத் தப்பில்லை என்று தோன்றும்.

அங்கே அதிகம் அடிபடுவது கால அட்டவணை. யாருக்குப் பத்தாம் வகுப்பு, யாருக்குத் தினமும் கடைசி பீரியட் என்பதில் ஆசிரியர்கள் நியாயத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யார் போவது? ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத அதே இரண்டு பேரைத்தான் எப்போதும் அனுப்புவார்கள். எமிஸ் பதிவேற்றமும் அப்படித்தான். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பாவத்துக்கு ஓர் இளம் ஆசிரியர் தலையில் எல்லாம் விழும். இந்தச் சுமையைப் பகிர்ந்து கொடுக்க எந்த அரசாணையும் தேவையில்லை.

அடுத்தது, ரிசல்ட் மீட்டிங். தேர்ச்சி விகிதம் குறைந்த ஆசிரியரை எல்லார் முன்னாலும் நிறுத்தி “ஏன் சார் இப்படி?” என்று கேட்பது ஒரு வகை. “எந்தப் பாடத்துல பசங்க தடுமாறுறாங்க, நான் ரெண்டு கிளாஸ் எடுக்கட்டுமா?” என்பது இன்னொரு வகை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய பையனை, பத்தாம் வகுப்பில் 35 மதிப்பெண் எடுக்க வைப்பது சாதாரண வேலையா? சென்டம் பட்டியலில் அது தெரியாது. தெரிந்துவைத்திருந்து சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர்தான்.

அதற்கு அவர் வகுப்பில் போய் உட்கார வேண்டும். குறிப்பேட்டோடு ஆய்வுக்கு வந்தவர் மாதிரி இல்லை. பின் பெஞ்சில், சும்மா. செப்டம்பர் 5 அன்று “எல்லாரும் நல்லா பண்றீங்க” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “அந்தப் பின்னக் கணக்கை ரொட்டியை வச்சு சொன்னீங்களே டீச்சர், அது நல்லா இருந்துச்சு” என்பது பல நாள் நிற்கும்.

இதெல்லாம் செல்லாத இடமும் உண்டு. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்க, அறிவியல் ஆசிரியரே அதையும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தால், பாராட்டு அவருக்கு எரிச்சலைத்தான் தரும். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தது. இப்படி ஒரு வழி திறக்கும்போது, அதற்காக அலுவலகத்துக்கு நாலு தடவை நடக்கிற தலைமை ஆசிரியரை அந்த அறிவியல் ஆசிரியர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.