குறுக்கு வலியும் ஜவ்வுத் தேய்மானமும்

ரத்தம் எட்டாத ஜவ்வு

மதுரைப் பேச்சில் குறுக்கு எனப்படும் கீழ்முதுகில் ஐந்து எலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தைபோல் இருப்பது டிஸ்க் என்கிற ஜவ்வு: வெளியே நார் வளையம், உள்ளே நீர் கோத்த கூழ். மேலுடம்பின் பாரம் அதிகம் இறங்குவது கடைசி இரண்டு ஜவ்வுகளில். ஜவ்வு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துவதும் பெரும்பாலும் இங்கேதான்.

வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் போவதில்லை. மேலும் கீழுமுள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதற்கு உணவு. பகலெல்லாம் பாரத்தில் நீரை இழந்து தட்டையாகும். இரவு படுத்ததும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது இதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஜவ்வு உப்பி விறைத்திருக்கும். குனிந்து தண்ணீர்க் குடம் தூக்க அதைவிட மோசமான நேரம் இல்லை.

பரம்பரையின் பங்கு

தேய்மானத்துக்கு வேலையையே குறை சொல்வது வழக்கம். பின்லாந்தில் ஒரே அச்சில் பிறந்த ஆண் இரட்டையர் 115 ஜோடிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. ஒருவர் பாரம் சுமந்தவர், இன்னொருவர் நாற்காலியில் இருந்தவர் என்றாலும் இருவரின் ஜவ்வுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன. அப்பாவுக்குக் குறுக்கு வலி இருந்ததா என்று மருத்துவர் கேட்பது சும்மா இல்லை.

ஸ்டியரிங்கும் மூட்டையும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ வண்டி எடுக்கும் ஓட்டுநரின் குறுக்கு, நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரும் அதிர்வில்தான் அதிகம் ஆடுகிறது. வாகன இருக்கைகளின் அதிர்வும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஓட்டுநர்களிடம் குறுக்கு வலி கூடுதலாக இருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2002இல் அதே இரட்டையர் ஆய்வுக் குழு ஓட்டுநரையும் ஓட்டாத சகோதரரையும் ஒப்பிட்டபோது ஜவ்வுத் தேய்மானத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வலி வேறு, தேய்மானம் வேறு.

லோடுமேன்களின் கதை இன்னும் கடுமை. எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்க 23 கிலோதான் வரம்பு என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதிலும் காலை நகர்த்தாமல், குனிந்தபடியே இடுப்பை மட்டும் திருப்பி மூட்டையை இறக்குவது நார் வளையத்தைக் கிழிக்கக்கூடிய அசைவு.

பீடியும் எடையும்

புகை, எலும்பிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருக்கும் ஜவ்வின் உணவைக் குறைக்கிறது. ஒருவர் மட்டும் புகைத்த இரட்டையர்களில் புகைத்தவரின் கீழ்முதுகு ஜவ்வுத் தேய்மானம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. தொப்பையும் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பே மெலிந்து நொறுங்கலாம்.

ஸ்கேனுக்கு முன்

வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது. 80 வயதில் 96 சதவீதம். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பெரும்பாலான ஜவ்வு விலகல், ஆபரேஷன் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடப்பது ஆகாது; நடக்கலாம். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.