பண்டிகை நாட்களில் ஓட்டப் பயிற்சி

தில்லியில் நவராத்திரி தொடங்கித் தீபாவளி முடிய விருந்துகளுக்குக் குறைவில்லை. காலையில் ஓடும் வழக்கமுடைய நமக்கு அது சோதனைக் காலம். இரண்டொரு நாள் ஓடாவிடில் கேடொன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் முற்றும் நின்றுவிட்டாலோ, உடல் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் திறன் குன்றத் தொடங்குகிறது. ஆகவே தூரத்தைப் பாதியாக்கினாலும் வேகத்தைக் குறைக்காமல் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஓடிவந்தால், பெற்ற வலிமை பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

அண்டை வீட்டார் அன்போடு கொணரும் இனிப்புப் பெட்டியை மறுப்பது எளிதன்று. அதைப் பற்றிக் கடுமையாகப் பேச நாம் முற்படவில்லை. அஞ்ச வேண்டியது காற்றுக்கே. குளிர் தொடங்கும் அந்நாட்களில், இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோலக் கவிந்துகொள்கிறது. பட்டாசுப் புகையும் வண்டிப் புகையும் மேலெழ வழியின்றி விடிந்த பின்னும் தங்கிவிடுகின்றன. ஓடுகையில் நாம் அமர்ந்திருப்பதைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறோம். ஓராண்டு, நியமம் தவறலாகாதென்று தீபாவளிக்கு மறுநாள் விடியலில் லோதித் தோட்டத்தில் ஓடினோம். ஒரு வாரம் இருமலோடு கிடந்தோம். இப்பொழுதெல்லாம் அன்று சன்னல்களைச் சாத்திவிட்டு வீட்டினுள்ளேயே தோப்புக்கரணம் போடுகிறோம். காற்று தெளிந்த பிறகு, அதுவும் வெயிலேறிய வேளையில், வெளியே செல்கிறோம்.