நர்சம்மாவிடம் மனசையும் சொல்லலாம்



கல்லங்குறிச்சி பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ராத்திரி தூக்கமே வரலைங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஆஸ்பத்திரியில பாத்தா ஒண்ணுமில்லைங்கறாங்க."

தவணையைத் தவறாமல் கட்டி வந்தவர் திடீரென்று கூட்டத்துக்கு வரமாட்டார். நாமும் 'அவளுக்குத் திமிரு' என்று பேசிவிடுகிறோம். அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். இது பேயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. குணமாகக்கூடிய நோய்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டுமா? வேண்டாம். கர்நாடகாவில் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை பயிற்சி கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. நாட்டில் முதலில் எடுத்த நாலு மாவட்டங்களில் நம்ம திருச்சியும் ஒன்று.

இப்பயிற்சியில் நர்ஸ் என்ன கற்கிறார்?

* உடம்பு வலி என்று வருபவரிடம் தூக்கம், மனசு பற்றியும் கேட்பது.
* குறுக்கே பேசாமல் கேட்பது. கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது.
* பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தனியாகக் கவனிப்பது.
* "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்பது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கேட்டால் பாரம்தான் குறையும்.
* டாக்டரிடம் அனுப்புவது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது.

ஆனால் நர்ஸ் எவ்வளவு கற்றாலும், நாம் வாய் திறந்தால்தானே அவருக்குத் தெரியும்? பி.பி. பார்க்கப் போகும்போது, தடுப்பூசிக்குப் போகும்போது மனசையும் சொல்லுங்கள். நம் சுகாதார நிலையத்தில் இந்தப் பயிற்சி பெற்றவர் யார் என்று விசாரித்து வையுங்கள்.

உயிரை விடும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த கூட்டத்தில் வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன், ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், "என்னம்மா, நல்லாயிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வாருங்களேன்.