விழித்திரையைக் காக்கும் கணினி

நீரிழிவு நோய் நெடுநாள் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதடையும். தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. பின்னர், இழந்த பார்வையை மீட்பது அரிது. ஆகவே, ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுத்துச் சோதித்தல் வேண்டும். ஆனால், நோயாளிகள் பலர். கண் மருத்துவர்கள் சிலர்.

இதற்குத் துணையாகக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் கணினியைப் பழக்கினர். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய மருத்துவமனைகளின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. ஏறத்தாழ 1,28,000 படங்களில் நோயின் நிலையை 54 மருத்துவர்கள் குறித்தனர். அக்குறிப்புகளின் துணையால், நோயுற்ற விழித்திரையை இனங்காணக் கணினி கற்றது. 2016இல் அவ்வாய்வு வெளிவந்தது.

கணினி நோயைச் சுட்டும். மருத்துவம் செய்பவர் மருத்துவரே. மாணவர்களே, தில்லி எய்ம்ஸ் போன்ற மருத்துவமனைகளில் விழித்திரைச் சோதனை உண்டு. நீரிழிவுள்ள தாத்தா பாட்டியிடம், “இவ்வாண்டு கண்ணைச் சோதித்தீர்களா?” எனக் கேளுங்கள்.