ஒரகடத்துல வேலை, வீடு எங்க வாங்கலாம்?

"சார், எனக்கு ஒரகடத்துல வேலை. போன வருஷம் பர்மனென்ட் ஆகிட்டேன். பிளான்ட்டிலிருந்து பத்து நிமிஷத்துல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். வாங்கலாமா?"

கம்பெனி பேரும் ஊர் பேரும்தான் மாறும், கேள்வி இதேதான். நான் திருப்பிக் கேட்கிறதும் ஒன்றேதான். உங்க வீட்டில இருக்கிற மத்தவங்க தினமும் காலையில எங்க போகணும்?

பலருக்கு இதுக்குப் பதில் ரெடியா இருக்காது. ஏன்னா வீடு தேடும்போது எல்லாரும் மேப்ல முதல்ல குத்துற புள்ளி தன்னோட கம்பெனி கேட். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள பட்ஜெட்டுக்கு என்ன வருதுன்னு பார்க்கிறாங்க. சென்னையில வேற எங்க வேலை பார்த்தாலும் இது ஓரளவுக்கு சரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பெல்ட்ல இது தலைகீழ். காரணம், கம்பெனி பஸ்.

இந்தப் பக்கம் இருக்கிற பெரிய பிளான்ட்கள் பலதும் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் பஸ் விடுது. தாம்பரம், பூந்தமல்லி, காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு நாலு திசையிலிருந்தும் ஆளைக் கூட்டிட்டு வருது. அதாவது, உங்க குடும்பத்துல போக்குவரத்துக் கவலை குறைவா இருக்கிற ஒரே ஆள் நீங்கதான். உங்க மனைவிக்கு கம்பெனி பஸ் இல்லை. ராத்திரி காய்ச்சல் வந்த குழந்தைக்கு இல்லை. ஊர்லேர்ந்து வந்து தங்கப்போற அப்பாவோட மாத்திரை சீட்டுக்கும் இல்லை. பஸ் இருக்கிற ஆளுக்குப் பக்கத்துல வீடு வாங்கிட்டு, பஸ் இல்லாத மூணு பேரை அலைய விடறோம்.

இதைப் பணமாவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வர்றது உதாரணக் குடும்பம், எண்களும் உதாரணத்துக்குத்தான். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

கணவருக்கு ஒரகடத்துல வேலை. மனைவி தாம்பரத்துல ஒரு தனியார் பள்ளியில டீச்சர், சம்பளம் 22,000. மூணு வயசுல ஒரு குழந்தை. ஒரகடம் பக்கத்துல ஒரு வீடு 45 லட்சம். அதே அளவு வீடு ரயில் ஸ்டேஷன் இருக்கிற ஊர்ல 53 லட்சம். வித்தியாசம் 8 லட்சம். "எட்டு லட்சம் மிச்சம் சார்" என்பார் புரோக்கர்.

அந்த 8 லட்சத்தையும் முழுசா கடனாவே வாங்கினாலும், 8.5% வட்டி, 20 வருஷம்னா, கூடுதல் ஈஎம்ஐ மாசம் 6,950 ரூபாய்க்குள்ள வரும். சரி, விலை குறைஞ்ச வீட்டையே வாங்கியாச்சுன்னு வைங்க. ஒரகடம் வழியா தாம்பரத்துக்கு பஸ் இருக்கு. ஆனா காலையில குழந்தையை விட்டுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, எட்டரைக்குள்ள ஸ்கூல்ல நிக்கணும். ஆறு மாசம் ஓட்டுவாங்க. அப்புறம் ஒரு நாள், "வேலையை விட்டுடறேன், குழந்தையைப் பார்த்துக்கறேன்" என்று முடியும். மாசம் 22,000 போச்சு. வருஷத்துக்கு 2.64 லட்சம். மூணு வருஷத்துல 7.92 லட்சம். மிச்சம் பிடிச்ச 8 லட்சம் மூணே வருஷத்துல காலி, லோன் இன்னும் 17 வருஷம் பாக்கி. அந்த டீச்சரோட பிஎஃப், வருஷா வருஷம் ஏறியிருக்க வேண்டிய சம்பளம், அவங்களுக்குன்னு இருந்த ஒரு உலகம், இதெல்லாம் நான் கணக்கிலேயே சேர்க்கலை.

அதனால "விலை எவ்வளவு"ன்னு கேட்கும்போதே, இந்த வீட்டால யாரோட சம்பளமாவது போகுமான்னும் கேளுங்க.

பிளான்ட் இருக்குமா, இருபது வருஷம்?

கம்பெனி கேட்டைச் சுற்றி வட்டம் போடாதீங்கன்னு சொல்ல இன்னொரு காரணமும் இருக்கு. கொஞ்சம் கசப்பானது.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பிச்சதிலிருந்து இந்த பெல்ட் வளர்ந்துக்கிட்டே இருக்கு. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான், 2012-ல டைம்லர், 2013-ல ராயல் என்ஃபீல்டுன்னு வரிசையா வந்தாங்க. அதே ரோட்டுலதான் நோக்கியாவும் இருந்தது. 2006-ல திறந்து, உலகத்துக்கே ஃபோன் அனுப்பின பிளான்ட். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்னுபோச்சு. அதை நம்பி அதே வளாகத்துல இருந்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் சில மாசத்துல மூடிடுச்சு. ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் இருபதுகள்ல இருந்தவங்க, வேலை இல்லாம வெளியே வந்தாங்க. அந்த வளாகம் பல வருஷம் பூட்டிக் கிடந்து, அப்புறம் சால்காம்ப் வந்த பிறகுதான் மறுபடி உயிர் பெற்றது. ஃபாக்ஸ்கான் இன்னைக்கு சுங்குவார்சத்திரத்துல முன்னைவிடப் பெரிய அளவுல இருக்கு. ஊர் திரும்ப எழுந்துடுச்சு, உண்மைதான். ஆனா பேங்க் அத்தனை வருஷம் ஈஎம்ஐக்குக் காத்திருக்குமா?

பக்கத்துல மறைமலைநகர்ல ஃபோர்டு. 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, 2022-ல கடைசி கார் வெளியே வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மறைமலைநகர் ஃபேக்டரிக்காக மட்டும் முளைச்ச ஊர் இல்லை. திட்டம் போட்டு உருவாக்கின புதுநகர். தாம்பரம், செங்கல்பட்டு புறநகர் ரயில் நிக்கும், ஜிஎஸ்டி ரோடு பக்கத்துல. (ஆடிட்டர் சொல்ற ஜிஎஸ்டி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு!) ஃபோர்டு போனாலும் அங்க வீடு வாங்கினவருக்கு வேற வேலைக்குப் போக ரயில் இருந்தது, வாடகைக்கு வர வேற வேலை பார்க்கிறவங்களும் இருந்தாங்க. ஒரே ஒரு பிளான்ட்டை மட்டும் நம்பி முளைச்ச லேஅவுட்ல, பிளான்ட் மூடின அன்னைக்கு உங்க சம்பளமும் நிக்கும், வீட்டை விற்கலாம்னா வாங்க ஆளும் இருக்காது. இரண்டும் ஒரே நேரத்துல நடக்கும். அதுதான் ஆபத்து.

ஸ்ரீபெரும்புதூருக்கு ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் இணைக்கிற ரயில் பாதை பல வருஷமா திட்டத்துலயே இருக்கு. மெட்ரோவை பூந்தமல்லியிலிருந்து நீட்டுற பேச்சும் இருக்கு. பரந்தூர் விமான நிலைய இடத்தை 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. அதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடிட்டு இருக்காங்க, மனை விளம்பரங்களோ "ஏர்போர்ட் 15 நிமிஷம்"னு போட்டுட்டு இருக்கு. என் கருத்து கறாரானது: இன்னும் ஓடாத ரயிலுக்கும் பறக்காத விமானத்துக்கும் இன்னைக்குப் பணம் கொடுக்காதீங்க. முதலீட்டுக்கு மனை வாங்குறவர் காத்திருக்கலாம். எல்கேஜி அட்மிஷன் காத்திருக்காது.

அப்போ எங்க? கணவன் மனைவி இரண்டு பேர்ல ஒருத்தருக்கு ஒரகடம், இன்னொருத்தருக்கு தாம்பரம், கிண்டி பக்கம் வேலைன்னா நான் முதல்ல பார்க்கச் சொல்றது சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வரைக்கும் உள்ள ரயில் பாதை. கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் 2023 கடைசியில திறந்தாச்சு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வேலைன்னா பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம். பலரும் மறந்துபோற ஊர் ஒன்னு இருக்கு, காஞ்சிபுரம். சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்த்துட்டு, பெத்தவங்களையும் கூட வெச்சுக்கப் போறவங்களுக்கு அது அருமையான ஊர். மாவட்டத் தலைநகர், பழைய பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, மார்க்கெட், ரயில், நடந்து போற தூரத்துல கோவில். "சென்னை அட்ரஸ்" இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிடறோம்.

ஒரகடத்துலயே, படப்பையிலயே வாங்கக் கூடாதுன்னு சொல்லலை. மனைவிக்கும் அங்கேயே வேலை, ஸ்கூல் பக்கத்துல, தெருவுல ஆள் நடமாட்டம்னா தாராளமா வாங்குங்க. அந்த ஆள் நடமாட்டத்தை எப்படித் தெரிஞ்சுக்கறது?

கோலத்தை எண்ணுங்க

பில்டர் உங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில ஏசி வேன்ல கூட்டிட்டுப் போவார். லாரி இல்லாத ரோடு, வெயில் ஏறாத நேரம், கையில கூல்டிரிங்ஸ். நல்லாத்தான் இருக்கும். அதை மறந்துட்டு, நீங்களா ஒரு வேலை நாள்ல, காலையில ஆறரை மணிக்கு அந்தத் தெருவுக்குப் போங்க. எத்தனை வாசல்ல கோலம் இருக்கு, எத்தனை மாடியில சின்னக் குழந்தைத் துணி காயுது, எத்தனை கேட்டுக்குள்ள சைக்கிள் நிக்குதுன்னு எண்ணுங்க. நாற்பது வீட்டு லேஅவுட்ல ஆறு வீட்டில மட்டும்தான் குடும்பம், மீதி பூட்டு அல்லது பேச்சிலர் ரூம்னா, நீங்க சி ஷிஃப்ட் போற வாரம் உங்க வீட்டில இருக்கிறவங்களுக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும்னு யோசிங்க. பேச்சிலர்கள் கெட்டவங்க இல்லை, நானும் அப்படி ரூம் ஷேர் பண்ணிப் படிச்சவன்தான். ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு அவசரம்னா கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீட்டு அக்கா வேணும்.

அதே நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு தடவை, டூவீலர்ல, மனைவியைப் பின்னாடி உட்கார வெச்சு மெயின் ரோட்டைக் கடந்து பாருங்க. சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல டிரெய்லரும் கன்டெய்னரும் ஓயாது. ஸ்கூல் அந்த ரோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குங்கிறது மேப்ல சின்ன விஷயமாத் தெரியும்.

தண்ணி எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டுமே ஏரி மாவட்டம். இதை மட்டும் விட்டுட்டு எதையும் வாங்காதீங்க.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்துல விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைத்தான் எல்லாரும் பேசினோம். அதனால முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு காட்டுறவர் இன்னைக்கும், "செம்பரம்பாக்கம் தண்ணி இங்க வராது சார்" என்பார். அவர் சொல்றது உண்மை! செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்றது திருநீர்மலைக்கிட்ட, முடிச்சூரைத் தாண்டி. ஆனா முடிச்சூர் மூழ்கினது அதால இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி, அடையாற்றின் மேல்பகுதி வழியா வந்த தண்ணி அது. அதுக்கப்புறம் கால்வாய் வேலைகள் நடந்திருக்கு, ஒரத்தூர்ல நீர்த்தேக்கமும் கட்டினாங்க. நிலைமை மாறியிருக்கலாம். இருந்தாலும் "எந்த ஏரித் தண்ணி வராது"ன்னு சொல்றவர்கிட்ட, "எந்த ஏரித் தண்ணி வரும்"னு கேளுங்க.

பதில் கிராம வரைபடத்துல இருக்கும். பட்டாவுல நஞ்சைன்னு இருந்தா ஒரு காலத்துல ஏரித் தண்ணி பாய்ஞ்ச நிலம், அதாவது ஏரியைவிடத் தாழ்வு. புல வரைபடத்துல பக்கத்துல ஓடை, வாய்க்கால் இருக்கா, ஏரியோட கலங்கல் எந்தத் திசையில இருக்குன்னு பாருங்க. ஏரி நிரம்பினா தண்ணி வெளியேறுறது அந்தக் கலங்கல் வழியாத்தான். அந்த ஊர்ல பத்து வருஷமா டீக்கடை வெச்சிருக்கிறவர்கிட்ட, "15-ல தண்ணி எதுவரைக்கும் வந்தது"ன்னு கேட்டா சுவத்துல கையை வெச்சுக் காட்டுவார். வெயில் காலத்துல எத்தனை லாரி தண்ணி வாங்குறாங்கன்னும் அங்கேயே கேட்டுடுங்க.

மத்த பேப்பர்களைச் சுருக்கமா சொல்லிடறேன். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அப்ரூவல், வில்லங்கச் சான்று, ரேரா நம்பர், இந்த மூணும் இல்லாம பேச்சே வேண்டாம். சிப்காட் விரிவாக்கத்துக்கு அந்த சர்வே நம்பர் கையகப்படுத்துற பட்டியல்ல இருக்கான்னு தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. பணத்துல பலர் தடுக்கி விழற இடம் வேற. 45 லட்சம் வீட்டுக்கு பேங்க் 80%, அதாவது 36 லட்சம் தரும். மீதி 9 லட்சம் கையில. தனி வீடுன்னா முத்திரைத்தாள் 7%, பதிவு 2%, சேர்த்து இன்னும் 4 லட்சம். லோன் கணக்குல இது வராது. மொத்தம் 13 லட்சம் ரெடியா இல்லாம, பர்சனல் லோன் போட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பாதீங்க. "வீட்டு லோன் எடுத்தா டேக்ஸ் மிச்சம்"ங்கிற பழைய பாட்டையும் மறந்துடுங்க. 2025-26-லேர்ந்து புது முறையில 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரியே இல்லை, நீங்க குடியிருக்கிற வீட்டோட வட்டிக்கு அதுல கழிவும் இல்லை. இல்லாத வரியில எதை மிச்சம் பிடிக்கிறது?

இத்தனைக்கும் பிறகும் இரண்டு ஊருக்கு நடுவுல குழப்பம்னா, மனசுக்குப் பிடிச்ச ஊர்ல 11 மாச அக்ரிமென்ட்ல வாடகைக்குப் போங்க. அந்த 11 மாசத்துக்குள்ள ஒரு நவம்பர் மாசமும் ஒரு மே மாசமும் வர்ற மாதிரி பார்த்துக்குங்க.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. ரேரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் போடாம பில்டர் விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. அதுக்கு மேல கேட்டா, "முதல்ல அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணலாம்"னு சொல்லுங்க. அந்த இடைவெளியில ஒரு செவ்வாய்க்கிழமை லீவ் போட்டுட்டு, குடும்பத்தோட ஆறரை மணிக்கு அந்தத் தெருவுக்குப் போயிட்டு வாங்க.